எறும்புகள் சுமந்த கட்டில்

நெடுமழை தொடங்கிய மாதத்தில், மக்காச்சோளம் விலையேறிய அதே வாரம், லிகாமியின் வீட்டுக்குள் புகுந்த படையெறும்புகள் அவனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்து, முற்றத்து அத்திமரத்தடியில் இறக்கிவைத்துவிட்டுப் போயின. காட்டுத்தேக்கில் செய்த கட்டில் அது. ஆள் படுக்காமலே தூக்கினாலும் மூச்சு வாங்கும். லிகாமியும் அப்படி ஒன்றும் இளைத்தவன் இல்லை. வாசல் நிலையில் இடித்ததில் கட்டிலின் ஓரம் கொஞ்சம் சிராய்த்துப்போனது. மற்றபடி குறை சொல்ல எதுவுமில்லை. எங்கள் இலுந்து ஊரில் யாரிடமாவது அந்த வாரத்தைப் பற்றிக் கேட்டால் முதலில் மக்காச்சோளத்தைத்தான் சொல்வார்கள். ஏறிய விலை அப்புறம் இறங்கவே இல்லை, அதனால்.

லிகாமியைப் படுக்கையில் தள்ளியது ஒரு காளை. கக்கமேகா காட்டோரத்து ஊர்களில் சனிக்கிழமை விடிந்ததும் காளையோடு காளையை மோதவிடுவோம். லிகாமியின் காளைக்கு 'வரி' என்று பெயர். வரி கேட்டு வருகிறார்கள் என்றாலே எவனும் ஓடிவிடுவான் என்று அவனே வைத்த பெயர். பல வருடம் அது தோற்றதே கிடையாது. இசுகுட்டி மேளம் முழங்க, காளையைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து அவன் பாடிக்கொண்டு வரும்போது கல்யாண மாப்பிள்ளை தோற்றான் போங்கள். அப்புறம் ஒரு சனிக்கிழமை வரி தோற்றது. தோற்ற காளை ஓடும், ஓடும்போது உடையவன் விலகி நிற்க வேண்டும் என்பது தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். லிகாமிக்கும் தெரியும். ஆனால் ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது நானாவது விலகுவதாவது என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு அதன் வழியில் நின்றான். வரி அவன்மேல் ஏறி ஓடி, நேரே வீட்டுக்குப் போய், கொட்டிலுக்குப் பக்கத்தில் புல் மேய்ந்துகொண்டு நின்றது. லிகாமிக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் சொன்னபடி கேட்காமல் போனது. காளையைக் கசாப்புக்காரர் வாங்கிக்கொண்டார். கறி வேகவே இல்லை என்று வாங்கியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து அவனைத் தூக்குவது, புரட்டுவது, கழுவுவது எல்லாம் அவன் மனைவி கசாண்டியின் வேலை. அவள் திரிக்கிப் பக்கத்திலிருந்து வாழ வந்தவள். வந்து தலைமுடி நரைத்த பிறகும் ஊருக்கு அவள் திரிக்கிக்காரிதான். பெற்ற ஒரே மகள் கட்டிக்கொடுத்த இடத்தில், கிசுமுவில் இருந்தாள்; மழைக்கு ஒருமுறை வந்து அழுதுவிட்டுப் போவாள். கசாண்டி விடிவதற்கு முன்னால் அவனைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகுப்புண்ணை உப்புத் தண்ணீரால் கழுவி, கஞ்சி ஊட்டி, சோளக்கொல்லையில் களையெடுத்து, ஓடையில் தண்ணீர் மொண்டு, மறுபடி புரட்டி, காட்டுக்குப் போய் விறகு பொறுக்கி, வந்து மக்காச்சோள மாவில் உகாலிக் களி கிண்டி, மறுபடி புரட்டுவாள். ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் லிகாமி இரண்டு கைகளையும் உதறுவான். உதைக்க முடியாத கோபம் முழுவதும் கைக்கு வந்திருந்தது. அவளுடைய முன்பல் ஒன்று அப்படித்தான் போனது. கோழி அடித்தால் இரைப்பை வீட்டு ஆண்மகனுக்கு. அது எங்கள் வழக்கம், அதைத் தின்றுவிட்டாள் என்பதற்காகத் தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்ட மருமகள்கூட உண்டு. கசாண்டி அந்த இரைப்பையைப் பொறுக்கி எடுத்து அவன் வாயில் வைப்பாள். பிடிக்காத நாளில் அதை அவள் முகத்திலேயே துப்புவான். துடைத்துக்கொண்டு அடுத்த கவளத்தை எடுப்பாள். இதில் அவள் பொறுமைசாலி என்று பேரெடுத்ததுதான் கொடுமை. அவளுக்குப் பொறுமையெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது, அலுப்புதான் மிச்சம். களைப்பு தூங்கினால் போய்விடும். இந்த அலுப்போ அவள் தூங்கி எழும்போது அவளுக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருக்கும்.

லிகாமியின் அப்பா முகாப்வா அதே முற்றத்தில் எதிர்க்குடிசையில் இருந்தார். கூடமாட உதவ அவருக்கு மனமில்லாமல் இல்லை, வழக்கம் விடவில்லை. மருமகள் படுக்கும் வீட்டின் படியை மாமனார் மிதிப்பதில்லை. மிதித்தால் வீடு விளங்காது, ஆட்டை அறுத்துச் சடங்கு செய்தாலும் அவள் அங்கே மறுபடி மானத்தோடு படுக்க முடியாது. ஆகவே இத்தனை வருடமும் அவர் மகனின் கட்டில் கிடந்த பக்கத்து வெளிச்சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துதான் பேசினார். சுவருக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மகன். கல்லையே எறும்பு தேய்க்கும்போது மண்சுவர் எம்மாத்திரம். அவர் முதுகு பட்ட இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. மகனின் முகம் அவருக்கு மறந்துகொண்டு வந்தது. ஒரு நாள் கசாண்டியைக் கூப்பிட்டு, அவளைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தபடி, அவனுக்குத் தாடி நரைத்துவிட்டதா என்று கேட்டார். நரைத்துவிட்டது என்று அவளும் மரத்திடம் சொன்னாள்.

படையெறும்பு வருவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. சியாஃபு என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கண் தெரியாத கூட்டத்துக்கு நிலையான வீடு கிடையாது. தின்ன இருக்கும்வரை ஓரிடத்தில் இருக்கும், தீர்ந்தால் குஞ்சுகுளுவானையும் ராணியையும் சுமந்துகொண்டு கிளம்பிவிடும். மழை பிடித்தால் காட்டைவிட்டு வெளியே வரும். எறும்புக்குப் பயந்து ஓடும் வெட்டுக்கிளியைக் கொத்தித் தின்ன, கூடவே சின்னப் பழுப்புப் பறவைகள் கத்திக்கொண்டு வரும். அந்தச் சத்தம் கேட்டதும் செய்ய வேண்டியதை யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆட்டை அவிழ்த்துவிட்டு, கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு, கைக்குழந்தையையும் நோயாளியையும் தூக்கிக்கொண்டு, வீட்டை அவற்றிடம் விட்டுவிட வேண்டியதுதான். அரை நாளில் எலி, கரப்பான், கூரையில் சுருண்ட பாம்பு எல்லாம் ஒழிந்திருக்கும். கூலி கேட்காத துப்புரவுக்காரர்கள் என்று திருப்தியாக உள்ளே போவோம். கட்டிய ஆட்டை அவிழ்க்க மறந்தவன் மட்டும் அழுவான். திரும்பி வரும்போது கயிறு இருக்கும், எலும்பு இருக்கும்.

அன்று சந்தை நாள். கூப்பிடு தூரத்தில் ஆளில்லை. பறவைச் சத்தம் கேட்டு முகாப்வா ஆடுகளை அவிழ்த்தார், கோழிகளை விரட்டினார், மகன் வீட்டு வாசலுக்கு வந்து படிக்கு இந்தப் பக்கம் நின்றார். எறும்புச் சாரை அதற்குள் கொல்லை வேலியைத் தாண்டியிருந்தது.

"எறும்பு வருதுடா. உம் பொண்டாட்டி எங்க?"

"காட்டுக்குப் போயிருக்கா."

கிழவர் கத்திப் பார்த்தார். ஆடுகள்தான் திரும்பிப் பார்த்தன. ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய கால் அப்படியே நின்றது.

"நான் வந்துரட்டுமாடா?"

"வராதீங்கப்பா. நீங்க படிய மிதிச்சிட்டா அப்புறம் அவ இங்க எப்படிப் படுப்பா? என்னை அது தின்னுட்டுப் போகட்டும். நீங்க அங்கயே நில்லுங்க."

வெளியூர்க்காரர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். வாசல்படியில் ஒரு காலை வைத்தால் மகன் பிழைப்பான், வைக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் அன்றைக்கு அந்த இடத்தில் யாரை நிறுத்தியிருந்தாலும் அங்கேயேதான் நின்றிருப்பார்கள். முகாப்வா தூக்கிய காலைக் கீழே வைத்தார். படிக்கு இந்தப் பக்கம் வைத்தார்.

கசாண்டி அப்போது விறகுக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு காட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். முதலில் பறவைச் சத்தம் கேட்டது. பிறகு சாரையைப் பார்த்தாள். பெரிய தலைக்கார எறும்புகள் கத்திரிவாயைத் திறந்து இரு ஓரமும் சுவராக நிற்க, நடுவே சின்னவை ஓடிக்கொண்டிருந்தன. அவை போன பாதை அவள் வீட்டுக்குப் போகும் பாதை. அதில் வேறு வீடு இல்லை. வீட்டில் அசைய முடியாத புருஷன், படியேற முடியாத மாமனார். எல்லாம் அவளுக்கு உடனே புரிந்தது. விறகைக் கீழே போட்டாள். ஓடுவதற்காகத்தான் போட்டாள். போட்டுவிட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

அவன் சாகட்டும் என்று அவள் நினைக்கவில்லை. சாகக்கூடாது என்றும் நினைக்கவில்லை. முழங்கால் எழுந்திருக்க மறுத்தது, அவ்வளவுதான். சாரை அவளுடைய கால் பெருவிரலுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. எத்தனையோ வருடத்தில் முதல் தடவையாக இரண்டு வேலைகளுக்கு நடுவில் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. காற்று வந்தது. நன்றாக இருந்தது. பின்னால் அவளைக் குடைந்தெடுத்தது அதுதான். உட்கார்ந்ததைக்கூட அவள் மன்னித்திருப்பாள். நன்றாக இருந்ததை அவளால் மன்னிக்க முடியவில்லை. ஒரு பானை அவரைக்கொட்டை கொதி வரும் நேரம் கழித்து எழுந்து ஓடினாள்.

அவள் வந்து சேர்ந்தபோது கட்டில் அத்திமரத்தடியில் இருந்தது. நடந்ததைப் பார்த்த சாட்சி முகாப்வாவும் ஆடுகளும்தான். எறும்பு கட்டில்காலில் ஏறும்வரை லிகாமி கையை உதறிக்கொண்டும் கத்திக்கொண்டும் இருந்தானாம். பிறகு பயத்தில் கையை மார்பில் மடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, கட்டையாகக் கிடந்தானாம். கட்டில் ஒரு விரற்கடை உயர்ந்ததாம். பின்பு அது வாசலை நோக்கி வந்ததாம். விருந்தாளிக்கு விலகுவதுபோல் தாம் விலகி நின்றதாகக் கிழவர் சொன்னார். லிகாமியின் காதுமடலில் ஒரே ஒரு கடி. ஓடி வந்து மூச்சிரைக்க நின்ற மனைவியின் வெறுந்தலையை அவன் பார்த்தான்.

"விறகு எங்க?" என்று கேட்டான்.

"போட்டுட்டேன்."

அவன் தலையாட்டினான். அவன் கத்தாமல் கேட்டது அவளுக்குப் பயமாக இருந்தது.

சந்தைக்குப் போனவர்கள் திரும்பி வந்ததும் பெரியவர்கள் கூடினார்கள். எறும்பு கட்டிலைத் தூக்கலாமா என்று யாரும் விவாதிக்கவில்லை. தூக்கிவிட்டது, அதில் பேச என்ன இருக்கிறது. படியைத் தாண்டி வெளியே வந்துவிட்ட கட்டில் இன்னமும் மருமகளின் கட்டில்தானா, மாமனார் அதன் பக்கத்தில் உட்காரலாமா என்பதுதான் கேள்வி. ஒரு குடம் சோளச்சாராயம் தீரும்வரை பேசி, அவள் இனி அதில் படுக்காமல் வீட்டுக்குள் பாயில் படுப்பதென்றால் அது மருமகள் கட்டில் ஆகாது என்று முடிவு செய்தார்கள். முகாப்வா எழுந்து போய் மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். தாடியைத் தொட்டுப் பார்த்தார். நிஜமாகவே நரைத்திருந்தது. உணர்ச்சியில்லாத அந்தக் கால்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பிடித்துவிட ஆரம்பித்தார். அழுகிறார் என்று தெரிந்ததும் எல்லோரும் சாராயக் குடத்தைப் பார்த்தார்கள்.

லிகாமியை மறுபடி உள்ளே கொண்டுபோக எறும்புகள் விடவில்லை. நாலு பேர் கட்டிலைத் தூக்கினால் நாலு பேரையும் கடித்தன. ஆகவே அவன் மரத்தடியிலேயே இருந்தான். படையெறும்புகள் ஒரு கூட்டம் போனால் இன்னொரு கூட்டம் வந்து காலையும் மாலையும் அவனைப் புரட்டின. அவன் இப்போது உதறுவதில்லை. பின்மழை வந்தபோது மரத்து முசுறு எறும்புகள் இறங்கின. வரிசையாக நின்று இலையோடு இலையை இழுத்துப் பிடிக்க, மற்றவை நூல் கக்கும் தங்கள் குஞ்சுகளையே ஊசிநூலாக வாயில் பிடித்து இங்குமங்கும் ஓட்டித் தைத்தன. ஒரு சொட்டு ஒழுகாத கூரை. புல்வெளிப் பக்கத்திலிருந்து கறையான் வேட்டைக்காரர்களான பெரிய கட்டெறும்புகள் வந்தன. சண்டையில் காலொடிந்த கூட்டாளியை வீட்டுக்குச் சுமந்துபோய்க் காயத்தை நக்கி ஆற்றும் இனம் அது. அவை அவனுடைய முதுகுப்புண்ணை நக்கின; உப்புத் தண்ணீருக்கு ஆறாதது ஒரு மழைக்குள் ஆறியது. செடிப்பேனை மாடாக மேய்த்துக் கறக்கும் சின்னக் கறுப்பெறும்புகள் அதன் தித்திப்புச் சொட்டுகளை அவன் உதட்டில் வைத்தன. விதை சேர்க்கும் எறும்புகள் கேழ்வரகைக் கட்டில்காலடியில் குவித்தன. முள்மரத்து உப்பலுக்குள் குடியிருந்து, இலை கடிக்க வரும் யானையையே மூக்கில் கடித்து விரட்டும் எறும்புகள் எவ்வளவோ தூரத்துச் சமவெளியிலிருந்து வந்து காவல் நின்றன. கண்ட இடத்தில் ஒன்றையொன்று கிழிக்கும் சாதிகள் அந்த மரத்தடியில் மட்டும் முறை வைத்துக்கொண்டு, ஒன்று முடித்த பிறகு மற்றொன்றாக வந்தன. நைரோபியிலிருந்து அருங்காட்சியகத்துப் பெண் ஒருத்தி வந்து தங்கினாள். காட்டில் இத்தனை வகை உண்டு என்பது அவளுக்குத் தெரியும், எல்லாம் ஒரே கட்டிலுக்கு வரும் என்பது தெரியாது. வந்த வகைகளை எண்ணத் தொடங்கினாள். எண்ணி முடித்தேன் என்று அவள் சொன்ன மறுநாள் பெயரில்லாத இன்னொன்று வந்தது. கோபித்துக்கொள்ளாமல் எங்களோடு தேநீர் குடித்துவிட்டு ஊருக்குப் போனாள். நல்ல பெண்.

இப்படிச் சில வருடங்கள் போயின. ஊரில் தபால் நிலையம் வந்தது, பிறகு மூடப்பட்டது. லிகாமியின் குரல் இறங்கி, முகத்தில் சதை பிடித்து, பக்கத்து ஊரிலிருந்து அவனிடம் காளை பழக்குவது பற்றி யோசனை கேட்க வந்தார்கள். காளை வந்தால் விலகுங்கள் என்று மட்டும் சொல்வான்.

கசாண்டிதான் தேறவில்லை. முதல் வாரம் முழுக்கத் தூங்கினாள். எழுந்ததும் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. புரட்டும் நேரம் வந்தால் அவள் எங்கே நின்றாலும் தோள் தானாக வளையும். மரத்தடிக்குப் போய் அவனைத் தூக்கப் பார்த்தாள். எறும்புகள் கடிக்கவுமில்லை, இடம் விடவுமில்லை, அவள் விரல்களைத் தொடாமல் சுற்றிப்போய் வேலையைப் பார்த்தன. அதனால் மற்றவர்களுக்கு விறகு சுமந்தாள். கேட்காதவர்கள் வீட்டுக்கும் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினாள். கழுத்து குச்சியாக இளைத்தது. அப்போதுதான் ஊர் அதைக் கவனித்தது, ஊருக்கு முன்பே அவள் கவனித்திருந்தாள்: எந்த எறும்பும் கசாண்டியின்மேல் ஏறுவதில்லை. அவள் நடந்தால் சாரை இரண்டாகப் பிரிந்து வழிவிடும். சர்க்கரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள்; ஒன்றும் வரவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரி லிஹாவிக்கு நாக்கில் நரம்பில்லை. "அடியே திரிக்கிக்காரி, புருஷனுக்கு ஊர்ப்பட்ட வேலைக்காரங்க, உன்னைச் சீந்த ஒரு சிற்றெறும்புகூட இல்லையா?" என்று ஓடைக்கரையில் கேட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். கசாண்டியும் சிரித்தாள். ஆனால் குடத்தை ஏற்றிக்கொண்டு வரும் வழியெல்லாம் காலடியில் எறும்புகள் விலகுவதையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவற்றுக்குத் தெரியும் என்று அவள் நம்பினாள். விறகின்மேல் உட்கார்ந்தவள் யார், எவ்வளவு நேரம் உட்கார்ந்தாள், அது அவளுக்கு எப்படி இருந்தது என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியும், அதனால்தான் தன்னைத் தொட அருவருக்கின்றன என்று நினைத்தாள். மனிதர்கள் தண்டித்தால் ஏதாவது சொல்லலாம். எறும்பிடம் என்ன சொல்வது.

ஒரு மத்தியானம், முகாப்வா ஆடு மேய்க்கப் போயிருந்தபோது, லிகாமி அவளைக் கூப்பிட்டான்.

"கசாண்டி, கொஞ்சம் உக்காரு."

"வேலை கெடக்கு."

"என்ன வேலை? நம்ம வேலைய இதுங்க பாக்குது. நீ ஊரு வேலைய பாத்துட்டுத் திரியுற."

அவள் குடத்தை இறக்காமல் நின்றாள். அவன் இலைக்கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "இதுங்க உங்கிட்ட வராததுக்கு நீ ஒரு காரணம் வச்சிருக்க. அன்னைக்கு நீ விறகு மேல உக்காந்திருந்த, அதனாலன்னு."

குடத்துத் தண்ணீர் தளும்பி அவள் தோளில் வழிந்தது. யார் சொன்னார்கள் என்று கேட்டாள்.

"ஒரே சாரைதானே. நடு உன் காலடியில போனப்ப தலை எங்கட்டிலுக்கு வந்துருச்சு. இத்தனை வருஷமா இதுங்க மேலயே கெடக்குறேன், கொஞ்சம்கூடவா பேச்சு புரியாது?"

அவள் நின்றபடியே அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை அவன் காத்திருந்தான். முன்பெல்லாம் அவள் அழுதால் கத்துவான்.

"உன் எடத்துல நான் இருந்திருந்தா உக்காந்திருக்க மாட்டேன்" என்றான். "காலை நீட்டிப் படுத்துத் தூங்கியிருப்பேன். ஒரு பல்ல வேற தட்டிட்டேன் உனக்கு."

பிறகு அவன் அவளுக்கு எறும்பைப் பற்றி ஒன்று சொன்னான். கட்டெறும்புகள் சண்டை முடிந்து திரும்பும்போது, அடிபட்டது காலை மடக்கிக்கொண்டு சும்மா கிடந்தால் தூக்கிக்கொள்ளும். உதறிக்கொண்டு கிடந்தால் சுற்றிப் பார்த்துவிட்டு விட்டுவிடும், எப்படிப் பிடிப்பது. "நானும் அன்னைக்கு வரைக்கும் உதறிட்டேதான் கெடந்தேன். உம்மேல அதுங்களுக்குக் கோவம் ஒண்ணுமில்ல. உனக்குச் சும்மா கெடக்கத் தெரியல, அவ்வளவுதான்."

"அதுக்கெல்லாம் எனக்கு எங்க நேரமிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கசாண்டி லிஹாவி வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள்.

அதற்குப் பிறகும் ஒரு விளைச்சல் காலம் போனது. அவள் நிற்கவில்லை, ஆனால் நடை தளர்ந்தது. விறகுக்கட்டு சின்னதாகிக்கொண்டே வந்தது. அப்புறம் மழை பிடிக்கும் முன்னால் ஒரு பகலில், காட்டிலிருந்து வரும் பாதையில், முன்பு உட்கார்ந்த அதே இடம் என்று அவளுக்குத் தெரிந்த இடத்தில், விறகை இறக்கினாள். அதன்மேல் உட்கார்ந்தாள். காற்று வந்தது. நன்றாக இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. விறகிலிருந்து சரிந்து தரையில் படுத்தாள். முதலில் தோள் துள்ளியது, விரல்கள் எதையோ புரட்டிக்கொண்டிருந்தன, கால் எழுந்து போகப் பார்த்தது. அவள் முழங்காலை மடக்கி, கையை மார்பில் வைத்துக்கொண்டு, என்னால் முடியவில்லை என்று சத்தமாகச் சொன்னாள். அதை அவள் அதுவரை சொன்னதே இல்லை. சொன்ன பிறகு உடம்பு அடங்கியது. கணுக்காலில் முதல் எறும்பு ஏறியபோது அவள் கண்ணைத் திறக்கவில்லை.

சந்தையிலிருந்து வாழைத்தார் சுமந்துகொண்டு வந்த லிஹாவி, பாதையில் கசாண்டி தரைக்கு ஒரு விரற்கடை மேலே எதிரே வருவதைக் கண்டு ஓரமாக ஒதுங்கினாள். படையெறும்புகள் அடியில் இருந்தன; கட்டெறும்புகள் தலைப்பக்கம் நடந்தன. லிஹாவி பாதையிலிருந்த ஒரு கல்லைக் காலால் தள்ளிவிட்டு, "பாத்து, மெதுவா" என்றாள். கசாண்டியிடம் சொன்னாளா எறும்பிடம் சொன்னாளா என்று அவளுக்கே தெரியாது. பிறகு போய் அந்த விறகுக்கட்டையும் வாழைத்தாரின் மேல் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். வாழ்க்கையில் அவள் கசாண்டிக்குச் சுமந்த முதல் சுமை அது, கனமாகத்தான் இருந்தது என்று பின்னால் சொன்னாள்.

எறும்புகள் அவளை மரத்தடிக்குக் கொண்டுவந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தன. மருமகள் படுத்திருப்பதை மாமனார் பார்க்கக் கூடாது. முகாப்வா உடனே முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, இனி எப்படி மகன் பக்கத்தில் உட்காருவது என்ற கவலையில் நின்றார். அவர் அதிக நேரம் நிற்கவில்லை. முசுறுகள் இறங்கி, கட்டிலுக்கும் அவளுக்கும் நடுவே கிளையிலிருந்து தரைவரை இலைகளை இழுத்துத் தைத்து ஒரு திரை போட்டன. தையல் முடிந்ததும் கிழவர் தன் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்து மகனின் காலை மடியில் எடுத்துக்கொண்டார்.

பொழுது சாயும்போதுதான் உலை வைக்க ஆளில்லை என்று தெரிந்தது. முகாப்வா முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டி, லிஹாவி கொண்டுவந்த விறகை வைத்து, ஒரு கோழியை அறுத்து, உகாலி கிண்டினார். ஊரில் மறுநாள் பேச்செல்லாம் இதைப் பற்றித்தான். இந்த வயதில் ஓர் ஆண்பிள்ளை அடுப்பூதினான் என்பதை நம்பாதவர்கள் வந்து கல்லையும் சாம்பலையும் பார்த்துவிட்டுப் போனார்கள். உகாலி கட்டிகட்டியாக இருந்தது. லிகாமி தன் தட்டில் வந்த இரைப்பையை எடுத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, கட்டிலின் சிராய்த்த ஓரத்தில் வைத்தான். எறும்புகள் அதைத் தூக்கிக்கொண்டு இறங்கி, இலைத்திரைக்கு அடியில் நுழைந்து, கசாண்டியின் கையருகே வைத்தன. அவள் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே தின்றாள். உப்பு கொஞ்சம் குறைவாக இருந்தது.